எத்தனை சுண்டு அரிசி?

வரி பற்றி ஆராய்ச்சி செய்பவள் என்று சொன்னால் கொழும்பு வெள்ளவத்தையில் என்னை இரண்டு விதமாகப் பார்த்தார்கள். சிலர் நான் வரித் திணைக்களத்தில் வேலை செய்வதாக நினைத்து, என் முன்னால் எப்போதும் வியாபாரம் படுத்துவிட்டதாகவே பேசினார்கள். மற்றவர்கள், வரி கட்டாமல் தப்பும் வழி எனக்குத் தெரிந்திருக்கும் என்று நம்பினார்கள். எங்கள் மாடிக்குக் கீழே புடவைக் கடை வைத்திருந்தவர் இரண்டு கட்சியிலும் இருந்தார். காலையில் படியில் கண்டால், "வியாபாரம் ஒண்டும் இல்லைத் தங்கச்சி" என்பார். பின்னேரம் ஒரு நீளக் கடித உறையோடு மேலே ஏறி வந்து, "இதை ஒருக்காப் பார்த்துச் சொல்லுங்கோ" என்பார்.

"அண்ணை, நான் பல்கலைக்கழகத்தில படிப்பிக்கிறன். இதெல்லாம் கணக்காளரிட்டக் கேக்க வேணும்."

"அப்ப உங்களுக்கு இன்னும் நல்லாத் தெரியும்தானே."

உண்மையில் நான் படித்தது அவர் கட்டிய வரியைப் பற்றி அல்ல. கட்டுகிறவருக்கே தெரியாமல் கட்டப்படும் வரியைப் பற்றி. ஒரு பெண் கடையில் கால் கிலோ சீனியும் ஒரு சவர்க்காரமும் வாங்குகிறாள். அந்த விலைக்குள்ளே வரி இருக்கிறது. அவள் கையில் ரசீது இல்லை. யுத்தம் நடந்த வருடங்கள் அவை. அரசாங்கத்துக்குக் காசு வேண்டியிருந்தது. பொருள்களின் மேல் வரிகள் வேறு வேறு பெயர்களில் வந்து சேர்ந்தன. அவற்றை யார் சுமக்கிறார்கள், வறியவர்களுக்கென்று கொடுக்கும் நிவாரணம் அந்தச் சுமையில் எவ்வளவைத் திருப்பிக் கொடுக்கிறது என்பதுதான் என் கேள்வி. வெளிநாட்டில் கலாநிதிப் பட்டத்துக்கு அதே கேள்வியை வேறொரு நாட்டின் புள்ளிவிவரங்களை வைத்துப் படித்தேன். பட்டம் கிடைத்ததும் திரும்பி வந்தேன்.

ஏன் திரும்பி வந்தாய் என்று எல்லோரும் கேட்டார்கள். கனடாவில் இருந்த என் தம்பி ஒவ்வொரு தொலைபேசி அழைப்பிலும் கேட்டான். நான் ஏதாவது பெரிய விளக்கம் சொல்ல வாயெடுப்பதற்கு முன் என் கணவர், "இவவின்ர ஆராய்ச்சிக்கு வேண்டிய ஆக்கள் எல்லாரும் இஞ்சதான் இருக்கினம்" என்று சொல்லி முடித்துவிடுவார். அவர் குடிநீர்க் குழாய்கள் போடும் பொறியியலாளர். சுருக்கமாகப் பேசுகிறவர். அவர் சொன்ன காரணத்தை விட நல்ல காரணம் எனக்கும் அகப்படவில்லை.

ஒரு நாள் அமைச்சு ஒன்றிலிருந்து எங்கள் துறைக்கு ஒரு வேலை வந்தது. நகரத்து வறிய குடும்பங்கள் எவ்வளவு மறைமுக வரி கட்டுகின்றன, நிவாரண அட்டை சரியான ஆள்களுக்குப் போய்ச் சேருகிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். என்னோடு சேர்ந்து அதைச் செய்தவர் எங்கள் துறையின் புள்ளிவிவர ஆசிரியர். சிங்களவர், களுபோவிலக்காரர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். எண்களை நம்புவதற்கு முன் அவற்றை ஒரு குற்றவாளியைப் பார்ப்பதுபோல் பார்க்கும் பழக்கம் அவருக்கு இருந்தது. இந்த வேலைக்காக என்னிடம் தமிழில் எண்ணப் பழகினார். நான் சொல்லிக் கொடுத்தது யாழ்ப்பாணத்து ஒண்டும் ரெண்டும். அதைக் கொட்டாஞ்சேனையில் போய் அவர் சொன்னபோது அங்குள்ள பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள்.

கொட்டாஞ்சேனையில் நாங்கள் எடுத்தது துறைமுகப் பக்கம் போகும் தெருவில் இருந்த ஒரு தோட்டம். கொழும்பில் தோட்டம் என்றால் மரம் செடி அல்ல. ஒரு வாசல், உள்ளே ஒரு சந்து, இரு பக்கமும் ஒட்டி ஒட்டி அறைகள், நடுவில் ஒரு பொதுத் தண்ணீர்க் குழாய். எங்கள் வினாத்தாளில் மூன்றாவது கேள்வி, "இந்த வீட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள்?" என்பது. உலகத்தில் எந்தக் குடும்பக் கணக்கெடுப்பிலும் அந்தக் கேள்வி இருக்கும். ஆள்தொகை தெரியாமல் ஒருவருக்கு எவ்வளவு செலவு என்று சொல்ல முடியாது.

முதல் வாரத்துத் தாள்களை விரித்து வைத்துக்கொண்டு என் சகா மூன்றாவது கேள்வியின் மேல் பேனையை ஓட்டினார்.

"எல்லா வீட்டிலும் நாலு பேர்" என்றார்.

நானும் பார்த்தேன். நாலு, நாலு, மூன்று, நாலு. அப்படி ஒரு தோட்டம் எங்கும் இருக்க முடியாது. கேள்வி கேட்கப் போன மாணவர்கள் மேசையில் இருந்தே நிரப்பினார்களோ என்று அவருக்குச் சந்தேகம். அவர்கள் அப்படிச் செய்யக் கூடியவர்கள் அல்ல என்று எனக்குத் தெரியும். மறுநாள் நானே போனேன்.

சந்தின் மூன்றாவது கதவில் ஒரு பெண் இடியப்பம் அவித்துக்கொண்டிருந்தாள். நாற்பது வயதிருக்கும். மலைநாட்டிலிருந்து சின்னப் பெண்ணாகக் கொழும்புக்கு வந்தவள்; காலையும் மாலையும் இடியப்பம் விற்றாள்; கணவன் துறைமுகத்தில் மூட்டை தூக்கினான்; இரண்டு பிள்ளைகள். ஒரு முறை பதில் சொல்லியாயிற்றே, பிறகும் ஏன் வந்தீர்கள் என்ற எரிச்சல் அவள் முகத்தில் தெரிந்தது.

"நாலு பேருதான் மிஸ். எழுதிட்டுப் போனாங்களே."

அவளுக்குப் பின்னால் கழுவிக் கவிழ்த்த கோப்பைகள் ஏழு இருந்தன. நான் எண்ணுவதை அவளும் பார்த்தாள். எழுந்து வந்து கதவை இன்னும் கொஞ்சம் சாத்தினாள். அப்போதுதான் கதவின் உட்பக்கத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒட்டியிருந்த தாளைக் கண்டேன். வீட்டில் இருப்பவர்களின் பெயரைப் பொலிஸில் பதிந்து வாங்கி வைக்கும் தாள். எங்கள் வெள்ளவத்தை வீட்டுக் கதவிலும் அதே தாள் இருந்தது. இவளுடைய தாளில் நாலு பெயர்; பதியாத ஆள் அகப்பட்டால் பொலிஸ் கொண்டுபோகும்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மாதத்துக்கு இரண்டு தரம் ஆமிக்காரரும் பொலிஸ்காரரும் என் வீட்டுக் கதவைத் தட்டி முதலாவதாகக் கேட்கும் கேள்வி எது? எத்தனை பேர் இருக்கிறீர்கள். அதே கேள்வியை, ஒரு தாளும் பேனையுமாக, பல்கலைக்கழகத்தின் பெயரால் நான் இந்தப் பெண்ணிடம் கேட்க ஆள் அனுப்பியிருக்கிறேன்.

நான் வினாத்தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, "எங்கட வீட்டுக் கதவிலயும் இது இருக்கு" என்றேன்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "மிஸ் யாழ்ப்பாணமா?"

"ஓம்."

"உள்ள வாங்க. வெளியில நின்னு பேசாதீங்க."

பின் அறையில் ஒரு தாயும் மகளும் இருந்தார்கள். வவுனியாப் பக்கமிருந்து வந்தவர்கள். மகள் தையல் வேலைக்குப் போனாள். முன்னால் ஒரு கட்டிலில் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வேலை தேடி வந்த சொந்தக்கார ஆள் ஒருவர். எல்லோரும் அவளிடம் சாப்பாட்டுக்கு ஏதோ கொடுத்து அவள் உலையிலேயே சாப்பிட்டார்கள். இதைப் போல அந்தச் சந்தில் அநேகமாக ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஆள்கள். நிவாரண அட்டையோ கதவு இலக்கத்துக்கு ஒன்று. எத்தனை குடும்பம் உள்ளே இருந்தாலும் ஒன்றுதான். சில இடங்களில் அந்த ஒன்றும் வீட்டுச் சொந்தக்காரரிடம். அவர் இருப்பதோ வேறு ஊரில்.

"இதை நான் எப்பிடிக் கேட்டு எழுதுறது?" என்று கேட்டேன். அவளிடம் ஆலோசனை கேட்கும் எண்ணத்தில் அல்ல. எனக்கு நானே கேட்டுக்கொண்டதுபோல வந்துவிட்டது.

"ஆளைக் கேட்டா யாரும் சொல்ல மாட்டாங்க மிஸ். எத்தன சுண்டு அரிசி போடுறீங்கன்னு கேளுங்க, அத மறைக்க என்ன இருக்கு? கடைக்காரனுக்கே தெரியும்." மாவைப் பிழிந்துகொண்டே சொன்னாள். "ஆனா வீட்டு நம்பர் எழுதாதீங்க."

அன்று வெள்ளவத்தைக்கு ரயிலில் திரும்பும்போது எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எங்கள் நாட்டில் அரிசியைச் சுண்டு என்னும் சின்ன அளவுப் பேணியால்தான் அளக்கிறோம். எந்த மொழி பேசுகிற வீட்டிலும் அரிசிப் பெட்டிக்குள் ஒரு பால்மாப் பேணியோ சுண்டோ கிடக்கும். ஒரு சுண்டு எத்தனை பேருக்குக் காணும் என்று தெரிந்துவிட்டால், அரிசியிலிருந்து ஆளைக் கணக்கிடலாம்.

என் சகா இதைக் கேட்டதும் சிரிக்கவில்லை. "முதலில் சுண்டைச் சோதிக்க வேண்டும்" என்றார். பயமில்லாமல் ஆள்தொகை சொல்லக் கூடிய வீடுகளில் இரண்டையும் கேட்டு ஒப்பிட வேண்டும். அப்படித் தொடங்கியது. என் வீட்டில் நான் இரண்டு கிழமை காலையும் மாலையும் அளந்து எழுதினேன். களுபோவிலவில் அவருடைய மனைவி அளந்தார். ஆரம்பப் பாடசாலை ஆசிரியை; கணவரைவிட ஒழுங்காகக் கொப்பியில் கோடு போட்டு எழுதினார். கொம்பனித்தெருவில் எங்கள் நூலக உதவியாளரின் குடும்பம், பேலியகொடையில் ஒரு மாணவியின் குடும்பம், இப்படித் தெரிந்த சனம் எல்லாம் அளந்தது. காலையில் அரிசிக்குப் பதிலாகப் பேக்கரிப் பாண் சாப்பிடும் வீட்டில் கணக்குப் பிழைக்கும் என்று களுபோவிலக் கொப்பியிலிருந்துதான் தெரிய வந்தது. ஆகவே எத்தனை இறாத்தல் பாண் என்று இன்னொரு கேள்வி சேர்த்தோம்.

என் கணவருக்கு இந்தச் சோதனையில் அதிருப்தி. "நான் சாப்பிடுறதை நீர் எழுதி வைக்கிறது எனக்குப் பிடிக்கேல்லை."

"பெயர் போடேல்ல."

"இந்த வீட்டில ஆம்பிளை நான் ஒராள்தான்."

புதிய தாளோடு மறுபடி கொட்டாஞ்சேனைக்குப் போனோம். இந்த முறை நானும் இரண்டு மாணவிகளும். பெயர் இல்லை, கதவு இலக்கம் இல்லை, எத்தனை பேர் என்ற கேள்வி இல்லை. அரிசி, பாண், சீனி, பருப்பு, மண்ணெண்ணெய், சவர்க்காரம். பெண்கள் தாராளமாகச் சொன்னார்கள். பருப்பு விலையைப் பற்றிக் கேளாமலே சொன்னார்கள். ஒருத்தி என் கையைப் பிடித்து நிறுத்தி, தேங்காயை ஏன் எழுதவில்லை என்று கேட்டாள். தேங்காயும் சேர்ந்தது.

பெரும்பாலான தாள்களை முடித்துக்கொண்டு ஒரு பின்னேரம் தனியே திரும்பிக்கொண்டிருந்தபோது துறைமுகச் சந்தியில் இருந்த சோதனைச் சாவடியில் என்னை மறித்தார்கள். அடையாள அட்டையில் பிறந்த இடத்தைப் பார்த்த இளம் சிப்பாய் பையைத் திறக்கச் சொன்னான். உள்ளே கட்டுக் கட்டாகத் தாள். பல்கலைக்கழகக் கடிதத்தைக் காட்டினேன். அவன் அதை வாசிக்காமலே உள்ளே கொண்டுபோனான். கொஞ்ச நேரத்தில் தகரக் கொட்டகைக்குள் என்னைக் கூப்பிட்டார்கள். ஒரு பொலிஸ் அதிகாரி மேசையில் என் தாள்களைப் பரப்பி வைத்திருந்தார். எங்களுடைய பேச்செல்லாம் சிங்களத்தில்தான் நடந்தது.

"இது என்ன?"

"வரி பற்றிய ஆராய்ச்சி, சேர். மக்கள் எவ்வளவு பொருள் வாங்குகிறார்கள் என்று தெரிந்தால் எவ்வளவு வரி கட்டுகிறார்கள் என்று கணக்கிடலாம்."

ஒரு தாளை எடுத்துப் படித்தார். "முதல் கேள்வியே அரிசி. அரிசிக்கு வரி இருக்கிறதா?"

"இல்லை."

"அப்படியென்றால் ஏன் கேட்கிறீர்கள்?"

கற்பித்த இத்தனை வருடங்களில் எந்த மாணவரும் என்னை இவ்வளவு சீக்கிரம் பிடித்ததில்லை. நான் பதில் தேடுவதற்குள் அவரே கண்டுபிடித்துவிட்டார். தாளை மேசையில் வைத்து, விரலால் ஒரு தட்டுத் தட்டினார்.

"இதிலிருந்து ஒரு வீட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று சொல்லலாம். இல்லையா?"

இல்லை என்று சொன்னால் பொய். ஓம் என்று சொன்னால், அந்தச் சந்தின் ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் இருப்பவர்களை நான் காட்டிக் கொடுத்தவளாவேன். அந்தக் கணத்தில் என்னைக் காப்பாற்றியது என் சகா வகுப்பில் சொல்லிச் சொல்லிச் சலித்த ஒரு பாடம். அதைத்தான் சொன்னேன். பொய் சொல்ல வேண்டி வரவில்லை.

"ஒரு வீட்டைப் பற்றி இது ஒன்றும் சொல்லாது, சேர். நூறு வீட்டைச் சேர்த்துப் பார்த்தால் சரியாக வரும். ஒரு வீட்டை மட்டும் எடுத்தால் பிழைதான் வரும். எங்கள் வீட்டில் இரண்டு பேர். அரிசியைப் பார்த்தால் நாலு பேர் என்று வருகிறது. என் கணவர் அப்படிச் சாப்பிடுவார்."

அவர் சிரிக்கவில்லை. தாள்களைப் புரட்டினார். "வீட்டு இலக்கம் எங்கே?"

"எழுதவில்லை."

"ஏன்?"

"எழுதினால் ஒருவரும் உண்மை சொல்ல மாட்டார்கள்."

வெளியே லொறிகள் வரிசையாக நின்று உறுமின. அவர் என் முகத்தையும் கடிதத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டு, எதிர்பாராத விதமாக, "எங்கள் ஊரில் நிவாரண உத்தியோகத்தர் வருகிறார் என்று தெரிந்தால் எங்கள் அம்மா மாட்டைக் கொண்டுபோய் அடுத்த வீட்டில் கட்டிவிடுவா" என்றார்.

"அடுத்த வீட்டுக்காரர்?"

"அவர்களுடைய மாட்டை எங்கள் வீட்டில்."

தாள்களை ஒழுங்காக அடுக்கி, மூலைகளைத் தட்டிச் சரிசெய்து, பைக்குள் அவரே வைத்துக் கொடுத்தார். வெளியே வந்து தெரு முனையில் இருந்த தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்தேன். இரண்டு பிளேன் டீ குடித்தேன். கடைக்கார நானா இரண்டாவதில் கேட்காமலே சீனி கூடப் போட்டார்.

சில மாதங்கள் கழித்து அறிக்கையோடு அமைச்சின் கூட்டத்துக்குப் போனோம். நீளமான மேசை, குளிரூட்டி, பிஸ்கட். நாங்கள் கண்டதை என் சகா சிங்களத்தில் சொன்னார். நான் ஆங்கிலத்தில் சொன்னேன். ஆள் கூடிய வீடுகள்தான் பொருள்களைச் சின்னச் சின்னப் பொட்டலமாக வாங்குகின்றன. வரியை அதிகம் சுமக்கின்றன. அவற்றுக்கே நிவாரணம் குறைவாகப் போகிறது. காரணம் அட்டை கதவு இலக்கத்துக்குக் கொடுக்கப்படுவது. படிவத்தில் ஒரு வரியை மாற்றினால் போதும் என்றோம். குடும்பம் என்றால் ஒரே உலையில் சாப்பிடுகிறவர்கள்.

தலைமை தாங்கிய மூத்த அதிகாரி ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்படி எழுதினால், கலாநிதி, நாளைக்கே எல்லோரும் தனித்தனி அடுப்பு வைப்பார்கள்."

"சிலர் வைப்பார்கள்" என்றேன். "ஆனால் மண்ணெண்ணெய் விலையைப் பார்த்துவிட்டுத்தான் வைப்பார்கள்."

மேசையில் ஒரு சின்னச் சிரிப்பு எழுந்தது. ஆனாலும் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது என்று எனக்கு அப்போதே தெரியும். மூன்று கூட்டம் நடந்தது. கடைசியில், நகரப் பகுதிகளுக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு, அந்த ஒரு வரி படிவத்தில் ஏறியது. இருபதுக்கு மேற்பட்ட வருட வேலையில் நான் எழுதியவற்றில் எத்தனையோ பக்கங்கள் அச்சாகியிருக்கின்றன. அரசாங்கத் தாளில் அச்சானது அந்த ஒரு வரிதான். வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்று எங்கள் கட்டுரையை மரியாதையாகத் திருப்பி அனுப்பியது. சுண்டு என்பது சர்வதேச அலகு அல்ல என்று ஒரு காரணமும் சொல்லியிருந்தார்கள். என் சகா அந்தக் கடிதத்தைத் தன் அறைக் கதவில் ஒட்டி வைத்தார்.

புதிய அட்டைகள் கொடுத்து முடிந்த பிறகு ஒரு சனிக்கிழமை கொட்டாஞ்சேனைக்குப் போனேன். வேலை ஒன்றும் இல்லை. எப்படி இருக்கிறது என்று பார்க்கத்தான். இடியப்பக்காரி என்னைக் கண்டதும் இடுப்பில் கை வைத்தாள்.

"நல்லது பண்ணப் போறேன்னு வந்து என் யாவாரத்தக் கெடுத்திட்டீங்களே மிஸ்."

அட்டைக்குப் பொலிஸ் பதிவு கேட்கப்படாததால் பின் அறைத் தாய்க்கும் மகளுக்கும் தனி அட்டை கிடைத்திருந்தது. அதற்காகவே அவர்கள் ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு வாங்கித் தனியாகச் சமைக்கத் தொடங்கிவிட்டார்கள். அவளுக்கு இரண்டு சாப்பாட்டு ஆள் குறைந்தது. மூத்த அதிகாரியின் கண்ணாடி எனக்கு நினைவுக்கு வந்தது.

"உங்களுக்குக் கிடைச்சதா?" என்று கேட்டேன்.

"கெடைச்சுது. கட்டில்காரரும் எங்க உலையிலதான்னு அஞ்சு பேருக்கு எழுதிக் குடுத்தாங்க." அதைச் சொல்லும்போது குரல் இறங்கியது, கோபம் முழுவதும் போகவும் இல்லை. "ஆனா அந்தப் பொண்ணு எல்லாத்துக்கும் உப்பு கூடப் போடுது. அம்மாக்காரிக்குப் பிரஷர் வேற. நான் சொன்னா கேக்குறாங்களா?"

பின் அறையிலிருந்து மகள் குரல் கேட்டது. "அக்கா, நான் உப்புக் குறைச்சுத்தான் போடுறனான்."

"பாத்தீங்களா, காது மட்டும் நல்லா இருக்கு" என்றாள் இவள். ஆனால் உள்ளே திரும்பி, சம்பல் வேணுமா என்றும் கேட்டாள்.

நான் என் கைப்பையில் இருந்த பழைய பஸ் ரிக்கெற்றின் பின்புறத்தில் குறித்துக்கொண்டேன்: எத்தனை உலைகள் பிரிந்தன, ஏன் பிரிந்தன. திங்கட்கிழமை அதை என் சகாவிடம் காட்டியபோது அவர் முகம் மலர்ந்தது. எங்கள் முடிவு பாதி பிழையாகிவிட்டது என்ற செய்தியில் அவ்வளவு சந்தோஷப்பட்ட மனிதரை நான் வேறு கண்டதில்லை. இரண்டு பேரும் பின்னேரம் வரை உட்கார்ந்து அடுத்த ஆராய்ச்சிக்கான கேள்விகளை எழுதினோம். வெளியே மழை பிடித்துக்கொண்டது. அவர் மனைவி கட்டிக் கொடுத்த கொக்கிஸ் பலகாரத்தை இரண்டு பேரும் சாப்பிட்டு முடித்தோம்.